380 எம்.பி. அப்டேட்டும் புறக்கோட்டைக் கடையின் ரீலோட் கணக்கும்

“தம்பி, உங்கட அப்டேட் இறங்கி முடிய இன்னும் எத்தனை ரீலோட் போடவேணும்?”

2022 ஜூன் முதல் வாரத்தில் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் கேட்டது இது. பிளாஸ்டிக் சாமான்கள் விற்கும் கடை. மூன்று கணினி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இணைய டொங்கிள். ரீலோட், அதாவது முற்பணம், போட்டால்தான் அதில் டேட்டா வரும். அவர் கோபப்படவில்லை. எண்ணிக்கை தெரிந்தால் பொடியனை ஒரே தடவையில் அனுப்பி ரீலோட் போட்டுவிடலாம் என்பதற்காகத்தான் கேட்டார். “பார்த்துச் சொல்லுறன் அண்ணை” என்று போனை வைத்தேன். சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாங்கள் வெள்ளவத்தையில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனம். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறோம். அந்த நேரம் ஏறக்குறைய 1,400 கடைகளில், 3,900 கணினிகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. மே 31ஆம் திகதி பெறுமதி சேர் வரியை, அதாவது வட் வரியை, 8 வீதத்திலிருந்து 12 வீதமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். நடைமுறைக்கு வருவது மறுநாளே. எங்கள் மென்பொருளில் அந்த 8 என்ற எண் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2019 டிசம்பரில் 15 இலிருந்து 8 ஆகக் குறைந்தபோதும் அதே வரியில்தான் எண்ணை மாற்றி அப்டேட் அனுப்பியிருந்தோம். அப்போது வாடிக்கையாளர் குறைவு, கரண்டும் ஒழுங்காக இருந்தது. அதனால் வலி தெரியவில்லை.

இந்த முறையும் இரவோடு இரவாக எண்ணை மாற்றினோம், முழு செட்அப்பையும், அதாவது மென்பொருளை நிறுவும் கோப்பையும், புதிதாகக் கட்டினோம், சிங்கப்பூரில் இருந்த கிளவுட் சேமிப்பில் ஏற்றினோம். 380 எம்.பி. காலை ஆறு மணிக்கு எல்லாக் கணினிகளுக்கும் “புதிய அப்டேட் உள்ளது” என்று போனது. ஒரே ஓர் எண் மாறியதற்கு 380 எம்.பி. அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

ஜூலை தொடக்கத்தில் பில் வந்தது. வழக்கமாக 40, 45 டொலருக்குள் முடிகிற பில். அந்த மாதம் கிளவுட் சேமிப்பிலிருந்து தரவு வெளியே போனதற்கு, அதாவது கடைகள் இறக்கியதற்கு, மட்டும் 1,080 டொலர். மார்ச்சுக்கு முன்னென்றால் இரண்டு இலட்சத்துச் சொச்சம் ரூபாயோடு போயிருக்கும். ரூபாய் சரிந்து டொலர் 360ஐத் தொட்டிருந்ததால் மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரம் ரூபாய். அதோடு, வெளிநாட்டுக் கட்டணங்களுக்கு வங்கி அட்டையில் வரம்பு போட்டிருந்த காலம் அது. பணம் இருந்தும் கட்ட முடியாமல் இரண்டு வாரம் அலைந்தோம். இரண்டு பேரின் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிப் போட்டோம். அவர்களிடம் அதைச் சொன்ன அந்த மாலையை என்னால் மறக்க முடியாது.

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றதை, சிறிய மென்பொருள் செய்து விற்கிற வேறு ஆட்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 3,900 கணினிக்கு 380 எம்.பி. என்றால் ஒன்றரை டெராபைட் வரவேண்டும். பில்லில் இருந்தது 9 டெராபைட். ஆறு மடங்கு. யாரோ திருட்டுத்தனமாக இறக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். சேர்வர் பதிவுகளை இறக்கிப் பார்த்தபோது திருடன் எங்கள் அப்டேட்டர்தான் என்று தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடைக் கணினி அதே கோப்பை 61 தடவை கேட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் பைட்டிலிருந்து. தினமும் மின்வெட்டு இருந்த காலம். 200 எம்.பி. இறங்கியிருக்கும், கரண்ட் போகும். திரும்பி வந்ததும் எங்கள் அப்டேட்டர் பாதிக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும். சிக்னல் விழுந்தாலும் அதே கதை. தோற்றால் பத்து நிமிடத்தில் மறுபடி முயலச் சொல்லியும் வைத்திருந்தோம்.

கரண்ட் வருகிற நேரத்தையும் பாருங்கள். ஒரு பகுதிக்கு மின்சாரம் திரும்பியதும் அங்குள்ள கடைகள் எல்லாம் அதே நிமிடத்தில் கணினியைப் போடும். எல்லாம் ஒன்றாகக் கேட்கும், எல்லாருக்கும் மெதுவாகும், அடுத்த மின்வெட்டுக்குள் ஒருவருக்கும் முடியாது.

இதைத் திருத்துவது கடினமே இல்லை. அதுதான் மனதைச் சுட்டது. ஒரு கோப்பில் “இந்த பைட்டிலிருந்து கொடு” என்று கேட்கும் ரேஞ்ச் வசதி எச்.டி.டி.பி.யில் எத்தனையோ வருடமாக இருக்கிறது. சேர்வர் 206 என்ற பதிலோடு மீதியை மட்டும் தரும். இரண்டு நாள் வேலை. செய்யும்போது ஒரு குழியில் விழுந்தோம். ஜூன் 2ஆம் திகதி ஒரு சிறு பிழையைத் திருத்தி, அதே பெயரில் கோப்பை மாற்றி ஏற்றியிருந்தோம். பாதியில் நின்ற தரவிறக்கம் மீதியைப் புதிய கோப்பிலிருந்து எடுத்தால் பழையது பாதி, புதியது பாதி என்று உடைந்த கோப்புத்தான் கிடைக்கும். ஆகவே இப்போது புதிதாகக் கட்டும் ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பெயர். ஏற்றிய கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றுவதில்லை. இஃப்-ரேஞ்ச் தலைப்பையும் சேர்த்து அனுப்புகிறோம், கோப்பு மாறியிருந்தால் சேர்வரே முழுவதையும் தந்துவிடும். இறங்கி முடிந்ததும், கோப்பு சிதையவில்லை என்று பார்க்க எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்பும், அது எங்களிடமிருந்து வந்ததுதான் என்று பார்க்க டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பும். தோற்றால் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகும், அதில் ஒரு தற்செயல் பங்கும் உண்டு. எல்லாரும் ஒரே நிமிடத்தில் வாசலில் நிற்காமல் இருக்க அது போதும்.

அந்தப் பதிவுகளைப் புரட்டும்போதுதான் புறக்கோட்டை அண்ணையின் மூன்று கணினிகளையும் தேடிப் பார்த்தேன். மொத்தம் 7 ஜி.பி.க்கு மேல் இறக்கியிருந்தார். அதற்கான பணத்தை அவர் கட்டியிருந்தார். எங்கள் பில்லில் அந்தத் தொகை எங்கும் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. அவர் வட் பதிவே இல்லாதவர். அந்தக் காலத்தில் வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாய்க்கு மேல் விற்றால்தான் பதிவு கட்டாயம். எங்கள் வாடிக்கையாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட அந்த எல்லைக்கு மேல் இல்லை. மற்ற எல்லாருக்கும் தேவையே இல்லாத ஒன்றை, அவர்களின் ரீலோட் காசில், ஆறு மடங்காகத் தள்ளியிருக்கிறோம்.

அன்றைக்குத்தான் என் யோசனை திரும்பியது. அதுவரை “மலிவான சேர்வர் எது” என்று தேடிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்திவிட்டு, யாருக்கு எது தேவை என்று பட்டியல் போட்டோம்.

வரி வீதத்தை நிரலிலிருந்து வெளியே எடுத்தோம். கையொப்பமிட்ட ஒரு சின்னக் கோப்பு, 3 கே.பி. அதில் வீதம், அது தொடங்கும் திகதி, எந்த வகைப் பொருளுக்குப் பொருந்தும் என்ற குறிப்பு. மென்பொருள் நாளுக்கு ஒரு தடவை அது மாறியிருக்கிறதா என்று கேட்கும். மாறாவிட்டால் சேர்வர் 304 என்று சொல்லிவிடும், கோப்புப் போகாது. ஓகஸ்ட் நடுவில் முடித்தோம். ஓகஸ்ட் 30ஆம் திகதி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் வட் 15 வீதம் என்று வந்தது, செப்டெம்பர் 1 முதல். இரண்டே நாள் அவகாசம். நாங்கள் மாற்றியது ஒரு 3 கே.பி. கோப்பை. அன்றிரவு எல்லாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போனோம்.

எல்லாம் இப்படி முடியாது. ஒக்டோபர் 1 முதல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2.5 வீதம், வந்தது. அது புதிய வரி. கணக்கில் புதிய இடம் வேண்டும், அறிக்கையிலும் வேண்டும். நிரலே மாறவேண்டும், அப்டேட் அனுப்பத்தான் வேண்டும். அப்போதுதான் அந்த 380 எம்.பி.க்குள் என்னதான் இருக்கிறது என்று முதல் தடவையாகத் திறந்து பார்த்தோம். தரவுத்தளத்தின் நிறுவி, எங்கள் மென்பொருள் ஓடத் தேவையான மைக்ரோசொஃப்ட்டின் டொட்நெட், அறிக்கை அச்சிடும் கருவி, தமிழ், சிங்கள எழுத்துருக்கள், உதவி வீடியோக்கள். நாங்கள் எழுதிய நிரல் 24 எம்.பி. மட்டும். மற்றதெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை மாறினாலே அதிகம். தனித்தனிப் பொதியாகப் பிரித்தோம். வீடியோக்களைப் பார்க்க விரும்பியவர் மட்டும் இறக்கட்டும் என்று விட்டோம்.

மீதி 24 எம்.பி.யிலும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பலாம். கொலின் பேர்சிவல் 2003இல் வெளியிட்ட பி.எஸ்.டிஃப் என்ற கருவி இதற்கென்றே உள்ளது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் ஒரு ஒட்டுக் கோப்பாகத் தரும். கூகுளின் குரோம் குழு இதற்கும் மேலே போய் 2009இல் கூர்ஜெட் என்ற முறையைச் செய்தது. அவர்கள் காட்டிய உதாரணத்தில் முழு அப்டேட் 10,385,920 பைட், பி.எஸ்.டிஃப் 704,512 பைட், கூர்ஜெட் 78,848 பைட். கூர்ஜெட் எங்கள் அளவுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். பராமரிக்க ஆள் வேண்டும்.

பி.எஸ்.டிஃப்பை முதலில் ஓட்டியபோது 24 எம்.பி.க்கு 11 எம்.பி. ஒட்டுக் கோப்பு வந்தது. ஏமாற்றமாக இருந்தது. காரணம் என்னவென்றால், நாங்கள் ஒப்பிட்டது சுருக்கிய கோப்புகளை. சுருக்கிய கோப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வேறாகிவிடும், ஒற்றுமையே மிஞ்சாது. சுருக்கத்தைப் பிரித்து, உள்ளே இருக்கிற கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடைசியில் சுருக்கினோம். ஒரு எம்.பி.க்குக் கீழே வந்தது. அதே நிரலை இரண்டு தடவை கட்டினால் ஒரே பைட்டுகள் வருகிறதா என்பதையும் பாருங்கள். கட்டிய நேரத்தைக் கோப்புக்குள் எழுதி வைக்கிற பழக்கம் பல கருவிகளில் உண்டு. அது மாறாத கோப்பையும் மாறியதாகக் காட்டும்.

நினைவகக் கணக்கும் முக்கியம். ஒட்டுக் கோப்பை உருவாக்க, பழைய கோப்பின் அளவைப் போல ஏறக்குறைய 17 மடங்கு நினைவகம் வேண்டும். 24 எம்.பி.க்கு 408 எம்.பி., பரவாயில்லை. 380 எம்.பி.யை அப்படியே கொடுத்திருந்தால் ஆறரை ஜி.பி. கடைக் கணினியில் ஒட்டும்போது பழையதும் புதியதும் சேர்ந்த அளவு போதும். 2 ஜி.பி. ரேம் உள்ள பழைய பெட்டிகளிலும் சிக்கலில்லாமல் நடக்கிறது. கடைசி மூன்று பதிப்புகளிலிருந்து மட்டும் ஒட்டுக் கோப்பு வைக்கிறோம். அதற்கும் பழையவர் முழு 24 எம்.பி.யை எடுக்கவேண்டியதுதான்.

கடைக்காரர்களுக்கு உண்மையில் நிம்மதி கொடுத்தது வேறொன்று. ஒரு கடையில் ஐந்து கணினி இருந்தால் ஐந்தும் ஏன் வெளியே போகவேண்டும்? விண்டோஸ் 10 வந்த 2015இலிருந்தே மைக்ரோசொஃப்ட் தன் அப்டேட்டுகளை அருகிலுள்ள கணினிகளுக்கிடையே பகிரும் வசதியை வைத்திருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமும் 2023இல் ஒரே வலையமைப்புக்குள் விளையாட்டுக் கோப்புகளைப் பகிர விட்டது. நாங்கள் அதைவிட எளிதாகச் செய்தோம். தரவுத்தளம் இருக்கிற பிரதான கணினி மட்டும் இணையத்திலிருந்து எடுக்கும், காசாளர் கணினிகள் அதனிடமிருந்து எடுக்கும். கடைக்குள்ளேயே ரவுட்டர் வழியாகப் போவதற்கு டேட்டா கழியாது. ஒவ்வொரு கணினியும் கையொப்பத்தைத் தானே சரிபார்த்தபிறகுதான் நிறுவும். பக்கத்துக் கணினி தருகிறது என்பதற்காக நம்பிவிடக்கூடாது.

இணையம் வழியாகக் கடைக்குக் கடை பகிர்வதையும் யோசித்தோம். பிராம் கோஹன் 2001இல் தந்த பிட்டொரண்ட்டை, அதாவது இறக்குபவர்களே கோப்பின் துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுக்கும் முறையை, அடிப்படையாக வைத்து பிளிசார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டின் அப்டேட்டுகளைப் பல காலம் விநியோகித்தது. நிறுவனத்தின் செலவு குறைந்தது. அப்படிக் குறைந்த சுமையை விளையாடியவர்களின் இணைப்புத்தான் சுமந்தது. வரம்பில்லாத இணைப்பு உள்ள ஊரில் அது நியாயமாக இருக்கலாம். இங்கே ஏற்றுகிற டேட்டாவும் பொதியிலிருந்துதான் கழியும். ஒரு கடைக்காரரின் ரீலோடில் இன்னொரு கடைக்கு அப்டேட் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விட்டுவிட்டோம்.

இரவு டேட்டாவை நம்பி ஒரு தடவை ஏமாந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா தருகிற பொதிகள் பல கடைகளில் இருந்தன. அந்த நேரத்தில் இறக்கினால் கடைக்காரருக்குச் செலவே இல்லை என்று மூன்று வாரம் உழைத்துச் செய்தோம். ஒருவரும் பயன்பெறவில்லை. ஏனென்றால் கடை பூட்டும்போது எல்லாரும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். புறக்கோட்டையில் ஒரே ஒரு மாலை நின்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இப்போது பகலிலேயே, பில் போடுவதற்குத் தடையில்லாத வேகத்தில், மெதுவாக இறக்குகிறோம். கடை பூட்டும் நேரத்தில் நிறுவுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் மலிவான சேர்வர் தேடினோம். பெரிய நிறுவனங்களின் வழிகள் நமக்கு எட்டாதவை. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களைச் சேமித்து வைத்த சேர்வர் பெட்டிகளை இணைய சேவை நிறுவனங்களுக்கே இலவசமாகக் கொடுத்து அவர்களின் வளாகத்துக்குள் வைக்கிறது. டெபியன் போன்ற இலவச மென்பொருள் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் பிரதிச் சேர்வர்களை நடத்துகிறார்கள். சிறிய நிறுவனத்துக்கு மூன்று தெரிவுகள்தான் கண்ணில் பட்டன. கிளவுட் சேமிப்புக்கு முன்னால் ஒரு சி.டி.என். (கோப்பின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துக் கொடுக்கும் சேர்வர் வலையமைப்பு) வைப்பது, மாதத்துக்கு இத்தனை டெராபைட் சேர்த்தே நிலையான விலைக்குக் கிடைக்கும் சேர்வர் வாடகைக்கு எடுப்பது, வெளியேறும் தரவுக்குக் கட்டணமே இல்லாத சேமிப்புக்கு மாறுவது. 2022 செப்டெம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிளவுட்ஃபிளேரின் ஆர்2 அந்த மூன்றாவது வகைக்கு ஓர் உதாரணம். நாங்களும் அப்படியான ஒன்றுக்கு மாறினோம். உண்மையைச் சொன்னால், மாறுகிற நேரத்தில் எங்கள் மாதத் தரவு 60 ஜி.பி.க்கு இறங்கியிருந்தது. பழைய விலையில் ஏழு டொலர். இருந்தாலும் எதிர்பாராமல் ஒரு மாதம் ஏறினால் பயப்படவேண்டியதில்லை என்பதற்காக மாறினோம். பணத்துக்கு எச்சரிக்கை வைப்பதையும் மறக்காதீர்கள். மாதம் 30 டொலரைத் தாண்டினால் இப்போது எங்கள் நான்கு பேரின் போனுக்கும் செய்தி வரும். 2022 ஜூனில் அது இருந்திருந்தால் இரண்டாம் திகதியே பிடித்திருப்போம்.

அப்டேட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமே என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காசு என்றால் கடைக்காரர் அப்டேட்டை நிறுத்திவிடுவார். பாதுகாப்புத் திருத்தமும் அதோடு நின்றுவிடும். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் இதைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம்.

ஹட்டன் பக்கம் சில கடைகளில் சிக்னல் மிக மோசம். அவர்களுக்கு எங்கள் விற்பனை முகவர் பென் டிரைவில் கொண்டுபோகிறார். அதே கோப்பு, அதே கையொப்பம். மென்பொருள் இணையத்திலிருந்து வந்ததா பென் டிரைவிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. கையொப்பத்தை மட்டும் பார்க்கிறது.

2024 ஜனவரி 1 முதல் வட் 18 வீதம். பதிவு எல்லை 60 மில்லியன் ரூபாயாகக் குறைந்தது. எரிவாயு, கைப்பேசி என்று அதுவரை வட் இல்லாதிருந்த பல பொருட்களும் உள்ளே வந்தன. பொருள் பட்டியலும் சேர்ந்ததால் கோப்பு 6 கே.பி. ஆனது. தொடங்கும் திகதி கோப்புக்குள்ளேயே இருப்பதால் டிசம்பர் மூன்றாம் வாரமே அனுப்பிவிட்டோம். நள்ளிரவு தாண்டியதும் அவரவர் கணினியில் தானாக மாறியது.

ஜனவரி 2ஆம் திகதி காலை, கோப்பை இன்னும் எடுக்காத கடைகளின் பட்டியலை எடுத்தோம். 37 கடைகள். ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று மூன்று பேர் பிரித்துக்கொண்டு போன் எடுத்தோம். பெரும்பாலானவை புது வருட விடுமுறைக்குப் பூட்டியிருந்தவை. நான்கு கடைகளில் டேட்டா முடிந்திருந்தது. “எவ்வளவு போடவேணும் தம்பி?” என்று ஒருவர் கேட்டார். ஆகக் குறைந்த ரீலோடே போதும், அதிலும் ஒரு துளிதான் போகும் என்று சொன்னேன். அவர் போனை வைக்காமலே பொடியனைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பட்டியல் 36 ஆனது.